ரங்கூனை விட்டுவிட்டு மோல்மேனில் குடியேறியது தப்பா?

தேக்குமரம்:
குடும்பத்தோடு ரங்கூனை விட்டுத் தெற்கு பர்மாவில் இருக்கிற மோல்மேன் வந்து மூன்று மாதம் ஆகிறது. போர்டில் மௌலமியைன் என்று எழுதியிருந்தாலும் நம் வீட்டில் மோல்மேன்தான். ஊர் உலகம் எல்லாம் ரங்கூனுக்கு ஓடும்போது நீ அங்கிருந்து ஓடி வருகிறாயே என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு மானத்தை வாங்குகிறார்கள். எனக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், நேரம். ரங்கூனில் குடோனில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம், அதுவும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. டவுனில் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, கார் வாங்க நமக்கு ஏது வசதி? இங்கே வண்டியை உதைத்தால் பத்து நிமிஷத்தில் கடை, மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகிறேன். சாயங்காலம் கியைக்தன்லான் பகோடா மேட்டில் ஏறி நின்றால் தன்ல்வின் ஆறும் பிலுச்சுன் தீவும் காலடியில் கிடக்கின்றன. ஊரும் அமைதியாக இருக்கிறது. தப்பா செய்துவிட்டேன்?

அனோரத்தா ரோடு:
தம்பி, வண்டி ஓட்டுவதற்காக ஊரை மாற்றிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ரங்கூனில் 50 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றால் எல்லோரும் முட்டாள்களா? பாஸ்போர்ட் வேலை என்றால் மெர்ச்சண்ட் ரோட்டில் இந்தியத் தூதரகம், பொண்ணுக்கு நல்ல டியூஷன், வெளிநாட்டுக்கு விமானம், எங்கள் தெருவில் 1871ல் கட்டிய காளி கோயில், அதைச் சுற்றி மளிகைக் கடை, பூக்கடை. நடந்தே போகலாம், உன் வண்டியே வேண்டாம். அப்புறம் மோல்மேன் கடற்கரை ஊர் என்று சொல்லித் திரிகிறார்களே, கடல் எங்கே? அது ஆற்று முகம். குளிக்கிற மாதிரி கடல் வேண்டுமானால் தன்பியூசயாட் தாண்டி செட்சே வரை போக வேண்டும்.

தேக்குமரம்:
அண்ணே, ரங்கூனும் ஆற்றங்கரைதானே, அதை ஏன் எல்லோரும் துறைமுகம் என்று கொண்டாடுகிறார்கள்? 1827லிருந்து 1852 வரை வெள்ளைக்காரனுக்குத் தலைநகரம் மோல்மேன்தான், தேக்கு ஏற்றவும் கப்பல் கட்டவும் இங்கேதான் வந்தான். ரங்கூன் அப்புறம் வந்தது.

அனோரத்தா ரோடு:
தலைநகரப் பெருமை சோறு போடாது தம்பி. ரங்கூனிடமிருந்தும் 2005ல் அதைப் பிடுங்கி நேப்பியிதோவுக்குக் கொண்டு போய்விட்டார்கள், அதனால் ஊர் காலியானதா? அது கிடக்கட்டும், சமாச்சாரத்துக்கு வருகிறேன். என் அண்ணன் உங்கள் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு ராத்திரி நெஞ்சுவலி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மிஷின் இல்லை, ரங்கூனுக்குக் கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பகலிலேயே பஸ் ஆறு, ஏழு மணி நேரம் எடுக்கிற ரோடு, நடுவில் சோதனைச் சாவடிகள் வேறு. ரங்கூனுக்கு முன்னால் வருகிற பகோ தாண்டும்வரை மூச்சு இருந்தது. இதற்குமேல் நான் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு என்ன வயது?

தேக்குமரம்:
68. சர்க்கரை இருக்கிறது. நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே, மன்னிக்கணும்.

பழைய படகு:
நடுவில் நுழைகிறேன். இப்போது ரோடு, சாவடி என்று பேசுகிறீர்கள். 2005ல் தன்ல்வின் பாலம் திறக்கும்வரை ரங்கூன் ரயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மொத்தமாவோடு நின்றுவிடும். பெட்டி, படுக்கை, பிள்ளைகள், கோழிக்கூடை என்று மொத்தமாவில் மொத்தமாக இறங்கி, படகு பிடித்து மோல்மேன் கரைக்கு வர வேண்டும். என் கல்யாணத்துக்கு ரங்கூனிலிருந்து வந்த சீர்வரிசையில் ஒரு குத்துவிளக்கு இன்னும் ஆற்றுக்குள்தான் இருக்கிறது. அப்போதும் இங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள்.

முடோன் அக்கா:
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அதனால் ரங்கூன்காரர் பக்கம் பேசினால் யாரும் கோபிக்காதீர்கள். மூன்று மாதம் என்றால் தம்பி இன்னும் முழு மழையைப் பார்க்கவில்லை. சென்னையில் மூன்று வருஷம் பெய்வதை இங்கே ஒரே வருஷத்தில் கொட்டிவிடும், சுமார் 4,800 மில்லிமீட்டர், ரங்கூனை விட ஒன்றரை மடங்குக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் துணி காயாது, சுவரில் பூஞ்சை, அலமாரியில் வைத்த செருப்பில்கூடப் பச்சை படியும். கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்தால் ஸ்ட்ராண்ட் ரோட்டில் தண்ணீர். 2019 ஆகஸ்டில் பாவுங் பக்கம் மலை சரிந்து 60 பேருக்கு மேல் போனார்களே, அன்றிலிருந்து பெருமழை ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது மழை இல்லை. ஊர் அமைதியாக இருக்கிறது என்கிறீர்களே, அது ஏன் என்று யோசித்தீர்களா? எங்கள் தெருவில் பதினாறு வீடு. இளவட்டங்கள் இருக்கிற வீடு மூன்று. மற்ற பிள்ளைகள் எல்லாம் எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்து, இல்லையென்றால் மலேசியா. ரப்பர் பால் எடுக்கக்கூட ஆள் கிடைக்காமல் தோட்டம் சும்மா கிடக்கிறது. கோயில் தேர் இழுக்கப் போன வருஷம் என் வீட்டுக்காரர், 61 வயது, வடம் பிடித்தார். நீங்கள் அமைதி என்பது எங்களுக்கு ஆள் இல்லாத சத்தம்.

தேக்குமரம்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஆள் போய்விட்டார்கள் என்பதால் ஒருத்தன் வருவது தப்பாகிவிடுமா? வடம் பிடிக்க ஒரு கை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். என் மகள் ரங்கூனில் வீட்டுக்குள் மட்டும்தான் தமிழ், வெளியே முழுக்க பர்மிய பாஷை. இங்கே வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி அவளை நிறுத்தி வைத்துத் தமிழில் விடுகதை போடுகிறது, இவள் பதில் சொல்லத் திணறி ராத்திரி என்னிடம் வந்து கேட்கிறாள்.

அனோரத்தா ரோடு:
பாட்டி இருக்கும்வரை சரி. அதற்கப்புறம்? பிள்ளை பள்ளிக்கூடம் முடித்ததும் எங்கே அனுப்புவாய்?

தேக்குமரம்:
இங்கேயும் பல்கலைக்கழகம் இருக்கிறது அண்ணே, நாங்கள் காட்டில் இல்லை.

அனோரத்தா ரோடு:
படிக்க இருக்கிறது, படித்தபின் வேலை? முடோன் அக்கா சொன்ன பதினாறு வீட்டுக் கணக்கை மறுபடி படி. சரி, சண்டை வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். ரங்கூன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டாயா?

தேக்குமரம்:
இல்லை. வருஷ வாடகையை முன்னாலேயே கட்டியாயிற்று, மார்ச் வரை இருக்கிறது. அம்மா செக்கப்புக்குப் போகும்போது தங்கிக்கொள்ளலாம் என்று...

அனோரத்தா ரோடு:
அப்படிச் சொல்லு. மார்ச்சில் பேசுவோம்.

முடோன் அக்கா:
அதுவரை இருக்கிறவர் மழையையும் பார்த்துவிடுவார். தம்பி, கூரைத் தகரத்தில் ஆணி எல்லாம் இப்போதே சரி பார்த்துக்கொள். வாஷர் வைத்த ஆணியாக வாங்கு, சும்மா ஆணி அடித்தால் ஒழுகும்.