கடற்பஞ்சு குஞ்சு விடுவதைப் பார்த்தவர்கள் உண்டா?

பவளத்திட்டு:
இந்த மன்றத்தில் திமிங்கிலம், ஆமை என்று எழுதியாகிவிட்டது. கடலடியில் ஒட்டி வாழும் விலங்கான கடற்பஞ்சை (ஸ்பாஞ்ச்) மட்டும் யாரும் சீண்டவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் கொஞ்ச காலம் உதவியாளாக இருந்தேன். வேலை முழுக்க ஆம்ஃபிமெடான் குவீன்ஸ்லாண்டிகா என்ற ஒரே பஞ்சைச் சுற்றித்தான். 2010-இல் மரபணுத்தொகுதி வெளியானதே, அந்தப் பஞ்சு.

துண்டு அறுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், உள்ளே அடைகாக்கும் அறைகள் தெரியும். ஒரே அறையில் பல வயதுக் கருக்கள் கலந்து கிடக்கும். இளசுகள் வெள்ளை, அடுத்தவை பழுப்பு. இன்னும் வளர்ந்ததில் நிறமிச் செல்கள் ஒரு முனைக்கு வந்து புள்ளியாகக் கூடியிருக்கும். முற்றியதில் அந்தப் புள்ளி நடுவில் திறந்து வளையமாகியிருக்கும். வளையம் வந்துவிட்டால் ஆள் கிளம்பத் தயார்.

லார்வாக்கள், அதாவது நீந்தும் குஞ்சுகள், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வெளியே வரும். காத்திருக்கப் பொறுமை இல்லாத நாங்கள் தொட்டித் தண்ணீரை ஓரிரு டிகிரி சூடாக்கிவிடுவோம், ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வரும். நீளம் அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நீந்தும். ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் அத்தனையும் எதிர்ச்சுவரில் போய் ஒண்டும். இத்தனைக்கும் கண் கிடையாது, ஒரு நரம்புசெல்கூடக் கிடையாது. வளையத்தின் ஓரத்தில் மற்ற இடங்களைவிட நீளமான இழைகள் இருக்கின்றன. வெளிச்சம் கூடினால் அவை வளையத்தின் மேல் மடியும், குறைந்தால் நிமிரும். உடல் சுழலச் சுழல ஒரு பக்கத்து இழை மடங்கி, மறுபக்கத்து இழை நிமிர்ந்து, போகிற திசை தானாக மாறிவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

வந்த வேகத்தில் எங்கேயும் ஒட்டாது. சுமார் நான்கு மணி நேரம் நீந்தின பிறகு சுண்ணாம்பேறிய பாசித் துண்டைப் போட்டால் வந்து உட்காரும், அப்படியே தட்டையாகப் பரவும். மூன்று நான்கு நாளில் தண்ணீரை இழுத்து வெளியே விடும் குட்டிப் பஞ்சு தயார். அப்புறம் ஆயுசுக்கும் அதே இடம்தான்.

முக்குளிப்பான்:
நான் பார்த்தது வேறு ரகம். தாய்லாந்தின் கோ தாவ் தீவில் காலை முதல் டைவ். ஆள் உட்காரும் அளவுக்கு வாய் அகன்ற பீப்பாய்ப் பஞ்சு ஒன்றிலிருந்து ரைஸ்மில் புகைபோக்கி மாதிரி வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. வழிகாட்டி சிலேட்டில் ‘ஆண்’ என்று எழுதிக் காட்டினார். கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொன்றில் புகை இல்லை. அதன் வெளிச்சுவரிலும் கீழே மணலிலும் திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. மேலே வந்த பிறகுதான் அது முட்டை என்றார்கள். உங்கள் பஞ்சு ஏன் இப்படிச் செய்வதில்லை?

பவளத்திட்டு:
பீப்பாய்ப் பஞ்சு முட்டை, விந்து இரண்டையும் கடலில் விட்டுவிடும். ஆம்ஃபிமெடானில் விந்து மட்டும்தான் வெளியே வரும். முட்டை தாயிடமே இருக்கும்.

சாக்பீஸ்:
கல்லூரியில் விலங்கியல் எடுப்பவன். கடலுக்குள் இறங்கியதில்லை, என் சந்திப்பெல்லாம் சைக்கான் என்ற சின்னக் கடற்பஞ்சின் நுண்ணோக்கி ஸ்லைடோடுதான். முட்டை உள்ளேயே இருந்தால் விந்து எப்படிப் போய்ச் சேரும் என்று மாணவர்கள் கேட்பார்கள். சைக்கானில் தண்ணீரிலிருந்து இரையைப் பிடிக்கிற கழுத்துப்பட்டைச் செல்லே வருகிற விந்தணுவையும் பிடிக்கும். ஆனால் செரித்துவிடாது. தன் கழுத்துப்பட்டையையும், சாட்டை மாதிரி அடிக்கும் கசையிழையையும் இழந்து, விந்தணுவை முட்டையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. கருவில் கசையிழைகள் உள்குழியைப் பார்த்து இருக்கும். தாய்க்குள் இருக்கும்போதே கரு தன் வாய் வழியாக உள்ளும் புறமுமாகத் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் ஆம்ஃபிபிளாஸ்டுலா எனப்படும் சைக்கான் லார்வாவின் முன்பாதியில் கசையிழைகள் வெளியே தெரிகின்றன. முன்பக்கத்தால் பாறையில் ஒட்டியதும் அந்தச் செல்கள் மறுபடி உள்ளே போய்விடும். தேர்வு விடைத்தாள்களில் இந்த இரண்டு திருப்பத்தில் ஒன்று காணாமல் போவது வழக்கம்!

இன்னொன்று. 1820-களில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட் பஞ்சின் குஞ்சுகள் நீந்துவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். பஞ்சு செடியா விலங்கா என்றே அப்போது தகராறு நடந்துகொண்டிருந்தது.

முக்குளிப்பான்:
சார், அந்த ஸ்லைடைப் படம் எடுத்துப் போட முடியுமா? அடுத்த டைவில் கூட வருபவர்களுக்குக் காட்டணும்.