ஓஎஸ்பிஎஃப்: ஒரு பிராஞ்சுக்கு மட்டும் டிஃபால்ட் ரூட் போகாமல் நிறுத்துவது எப்படி?

ஸ்லாஷ்_முப்பது:

எல்லாமே சிஸ்கோ ரூட்டர்கள், ஐஓஎஸ் 15. ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழிகளைச் சொல்லிக்கொள்ளும் புரோட்டோகால்) ஒரே பிராசஸ்தான். டிஃபால்ட் ரூட் என்பது 0.0.0.0/0, தனி வழி தெரியாத பாக்கெட்டுகள் எல்லாம் போகும் ரூட்; இங்கே அதுதான் இன்டர்நெட் வழி. அமைப்பு இப்படி:

ஆர்1: ஹெட் ஆபீஸ், லீஸ்டு லைன், ஐஎஸ்பி கேட்வே 203.0.113.1
ஆர்2: ஹெட் ஆபீஸ், பேக்கப் பிராட்பேண்ட், கேட்வே 198.51.100.1
ஆர்3: கோர். இந்த மூன்றும் ஏரியா 0 (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் மையப் பகுதி)
ஆர்4: ஏபிஆர் (ஏரியா எல்லை ரூட்டர்). ஏரியா 0, 10, 20 மூன்றிலும் கால் வைத்திருக்கிறது
ஆர்5: ஏரியா 10 பிராஞ்ச். சொந்த பிராட்பேண்ட் உண்டு. ஆர்4 வரை 10 எம்பிபிஎஸ் லிங்க். இதற்குக் கீழே ஆர்6
ஏரியா 20 பிராஞ்சுக்குச் சொந்த இன்டர்நெட் இல்லை, ஹெட் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆர்1, ஆர்2 இரண்டிலும் 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட் ஆல்வேஸ்' (டிஃபால்ட் ரூட்டை மற்ற ரூட்டர்களுக்கு அறிவிக்கும் கமாண்ட்) போட்டிருக்கிறது. ஆர்1-க்கு மெட்ரிக் 10, ஆர்2-க்கு 100 (குறைவானதுதான் தேர்வாகும்). இரண்டிலும் ஐஎஸ்பி பக்கம் சாதாரண ஸ்டாடிக் (கையால் எழுதிய) டிஃபால்ட்.

சிக்கல் ஒன்று: ஆர்5-இன் பிராட்பேண்ட் போனால் அந்த பிராஞ்சின் இன்டர்நெட் டிராஃபிக் முழுக்க 10 எம்பிபிஎஸ் லிங்க்கில் ஏறிவிடுகிறது. பில்லிங் அப்ளிகேஷன் நின்றுபோகிறது. பிராட்பேண்ட் இல்லையென்றால் இன்டர்நெட்டே வேண்டாம், ஹெட் ஆபீஸ் சர்வர்கள் மட்டும் கிடைத்தால் போதும். இதற்காக ஆர்4-இல் 0.0.0.0/0-ஐ டினை செய்யும் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் எழுதி 'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட் இன்' கொடுத்தேன். ஆர்5-இல் இன்னும் ஓ*ஈ2 (ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்த வெளி டிஃபால்ட்) வருகிறது. மாறாக ஏரியா 20-க்கு இன்டர்நெட் போய்விட்டது! 'ஏரியா 10 ஃபில்டர்-லிஸ்ட்' போட்டும் பார்த்தாயிற்று, எந்த மாற்றமும் இல்லை.

சிக்கல் இரண்டு: லீஸ்டு லைன் படுத்தாலும் ஆர்1 டிஃபால்ட்டை அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆர்2-க்கு டிராஃபிக் எதுவும் மாறுவதில்லை.

கூடுதலாக ஒன்று: ஆர்6-க்கு டிஃபால்ட் கொடுக்க ஆர்5-இலும் 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' போடலாமா?

ஏரியா_காவலர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இப்போதைய நிலையில் ஆர்5-இல் அதைப் போட்டுவிடாதீர்கள். மெட்ரிக் எதுவும் கொடுக்காவிட்டால் ஐஓஎஸ் அதை ஈ2, மெட்ரிக் 1 என்று டைப்-5 எல்எஸ்ஏ-வாக அனுப்பும் (எல்எஸ்ஏ: ஓஎஸ்பிஎஃப் பரப்பும் தகவல் துண்டு; டைப்-5 என்பது ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வரும் ரூட்டுக்கானது). டைப்-5 ஒரு ஏரியாவோடு நிற்காது, டொமைன் முழுக்கப் பரவும். ஆர்3 பார்ப்பது 1-ஐயும் 10-ஐயும். 1-தான் ஜெயிக்கும். ஹெட் ஆபீஸ் மொத்தமும் உங்கள் பிராஞ்ச் பிராட்பேண்டைத் தேடி அந்த 10 எம்பிபிஎஸ் லிங்க்கில் இறங்கும்.

இனி டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட். ஓஎஸ்பிஎஃப் லிங்க்-ஸ்டேட் புரோட்டோகால். பக்கத்து ரூட்டருக்கு ரூட்டைக் கொடுப்பதில்லை, எல்எஸ்ஏ-வைக் கொடுக்கிறது. ஒரே ஏரியாவுக்குள் எல்லாருடைய டேட்டாபேஸும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். 'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட் இன்' தடுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த ரூட்டர் தன் சொந்த ரூட்டிங் டேபிளில் அந்த ரூட்டை ஏற்றுவதை. எல்எஸ்ஏ எப்போதும்போல ஆர்4-ஐத் தாண்டி ஆர்5-க்குப் போகும். ஆர்5 எஸ்பிஎஃப் (குறுகிய வழிக் கணக்கு) ஓட்டி, ஆர்1-க்குப் போகும் வழி ஆர்4 என்று கண்டுபிடித்து டிஃபால்ட்டைப் போட்டுக்கொள்ளும். ஆனால் ஆர்4-இடம் டிஃபால்ட் இல்லையே. ஆகவே வந்த பாக்கெட்டுகள் அங்கேயே டிராப். ஏரியா 20-க்கு நேர்ந்தது இதுதான். அந்த லிஸ்ட்டை உடனே எடுத்துவிடுங்கள்.

'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட் அவுட்' ஏஎஸ்பிஆர்-இல் (வெளி ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவரும் ரூட்டர்) ரீடிஸ்ட்ரிப்யூட் ஆகும் ரூட்டுகளுக்கு மட்டும். ஆர்4-இல் அது வெறும் அலங்காரம். 'ஏரியா ஃபில்டர்-லிஸ்ட்' பார்ப்பது டைப்-3 எல்எஸ்ஏ-வை, அதாவது ஏபிஆர் ஒரு ஏரியாவின் ரூட்டை இன்னொரு ஏரியாவுக்குச் சொல்வதை. உங்கள் டிஃபால்ட் டைப்-5, அதன் கண்ணில் படவே படாது. சிஸ்கோவின் இன்னொரு ரூட்டிங் புரோட்டோகாலான ஈஐஜிஆர்பி-ஆக இருந்திருந்தால் நீங்கள் நினைத்தபடியே இன்டர்ஃபேஸில் 'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட் அவுட்' கொடுத்து வேலையை முடித்திருக்கலாம். அங்கே ரூட்டர் தன்னிடம் இருக்கும் ரூட்டைத்தான் சொல்கிறது, சொல்லாமல் விட்டால் அடுத்தவருக்குத் தெரியாது.

ஓஎஸ்பிஎஃப்-இல் டைப்-5-ஐ நிறுத்த ஏரியா எல்லைதான் இடம். ஏரியா 10-இன் வகையை மாற்ற இரண்டு வழி உண்டு:

ஸ்டப்: டைப்-5 எல்லையிலேயே தடுக்கப்படும். ஆனால் ஏபிஆர் தானே ஒரு டைப்-3 டிஃபால்ட்டை உள்ளே தள்ளும், அதற்காகவே இருக்கும் ஏரியா அது. உங்களுக்கு உதவாது.

என்எஸ்எஸ்ஏ (நாட்-சோ-ஸ்டப்பி ஏரியா): டைப்-5 எல்லையிலேயே தடுக்கப்படும். ஏபிஆர் டிஃபால்ட்டைத் தானாக அனுப்பாது, நீங்கள் கேட்டால்தான் அனுப்பும். உங்களுக்கு வேண்டியது இதுதான். ஆர்4, ஆர்5, ஆர்6 மூன்றிலும் வெறும் 'ஏரியா 10 என்எஸ்எஸ்ஏ'. பழக்கதோஷத்தில் 'நோ-சம்மரி' சேர்த்துவிட வேண்டாம். சேர்த்தால் ஆர்4 ஒரு டைப்-3 டிஃபால்ட்டை உருவாக்கும், ஆர்5-இல் ஓ*ஐஏ (வேறு ஏரியாவிலிருந்து வந்த டிஃபால்ட்) என்று பழைய தொல்லை வேறு பெயரில் வந்து நிற்கும்.

ஆர்6-க்கு டிஃபால்ட் கொடுக்க ஆர்5-இல் மட்டும் இந்த வரி:

ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் 1
 ஏரியா 10 என்எஸ்எஸ்ஏ டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட் என்எஸ்எஸ்ஏ-ஒன்லி

இது டைப்-7 (என்எஸ்எஸ்ஏ-க்குள் மட்டும் ஓடும் வெளி ரூட் எல்எஸ்ஏ) டிஃபால்ட். 'என்எஸ்எஸ்ஏ-ஒன்லி' என்ற கடைசிச் சொல் முக்கியம். அது பி-பிட்டை (ஏபிஆர் வெளியே பரப்பலாம் என்ற குறியை) பூஜ்யமாக்குகிறது. பி-பிட் 1 ஆக இருந்தால் ஆர்4 அதை டைப்-5 ஆக மாற்றி ஏரியா 0-க்குள் விட வாய்ப்பு உண்டு. முதல் பத்தியில் சொன்ன அதே விபத்து. என்எஸ்எஸ்ஏ-க்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 3101-இன்படி பி-பிட் பூஜ்யமான டைப்-7 டிஃபால்ட்டை ஏபிஆர் தன் டேபிளிலும் ஏற்றக் கூடாது. ஆர்5 ஏபிஆர் இல்லை என்பதால் அதன் டேபிளில் டிஃபால்ட் இருக்கும்வரைதான் இந்த எல்எஸ்ஏ வெளியே போகும். பிராட்பேண்ட் போய் ஸ்டாடிக் நீங்கினால் ஆர்6-இடமிருந்தும் டிஃபால்ட் நீங்கிவிடும்.

பாக்கெட்_பாண்டி:

ரெண்டாவது சிக்கலுக்கு வர்றேன். 'ஆல்வேஸ்'னா பேர்லயே இருக்கு ஜி: நம்ம கையில டிஃபால்ட் இருக்கோ இல்லையோ, ஊருக்குச் சொல்லிக்கிட்டே இருப்போம்னு அர்த்தம். அதை ரெண்டு ரூட்டர்லயும் எடுங்க. ஆனா அது மட்டும் பத்தாது. ஐஎஸ்பி மோடமோ மீடியா கன்வர்ட்டரோ உயிரோட இருந்தா ஆர்1 போர்ட் அப்-லயேதான் நிக்கும், ஸ்டாடிக்கும் போகாது. டிராக் போட்டே ஆகணும், அதாவது ஐபி எஸ்எல்ஏ விடாம பிங் பண்ணிப் பாக்கும், பதில் வரலேன்னா டிராக் ஸ்டாடிக்கை எடுத்துடும்.

ஐபி எஸ்எல்ஏ 10
 ஐசிஎம்பி-எக்கோ 192.0.2.53 சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் ஜி0/0
 த்ரெஷோல்டு 2000
 டைம்அவுட் 2000
 ஃப்ரீக்வென்சி 5
ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல் 10 லைஃப் ஃபாரெவர் ஸ்டார்ட்-டைம் நவ்
டிராக் 10 ஐபி எஸ்எல்ஏ 10 ரீச்சபிலிட்டி
 டிலே டவுன் 15 அப் 60
ஐபி ரூட் 192.0.2.53 255.255.255.255 ஜி0/0 203.0.113.1
ஐபி ரூட் 192.0.2.53 255.255.255.255 நல்0 250
ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 ஜி0/0 203.0.113.1 டிராக் 10

192.0.2.53-ங்கிறது சும்மா உதாரணம். உங்க ஐஎஸ்பி நெட்வொர்க்குக்குள்ள கேட்வேக்கு ரெண்டு மூணு ஹாப் தள்ளி, பிங்குக்கு ஒழுங்கா பதில் சொல்ற ஒரு ஐபியைப் போடுங்க. 8.8.8.8 வேண்டாம். அந்த /32 (ஒரே ஐபிக்கான) ரூட்டால 8.8.8.8 எப்பவும் ஆர்1 லைன்லயே கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். ஆர்1 வழியா வர்ற யாராவது அதை டிஎன்எஸ்ஸா வெச்சிருந்தா, லைன் போற அன்னிக்கு அவங்களுக்குப் பேர் மட்டும் ரிசால்வ் ஆகாது. தலையைப் பிய்ச்சுக்குவீங்க.

அந்த ரெண்டு /32 ரூட்டும் எதுக்குன்னா: லைன் போனதும் ஆர்1 ஆர்2-ஓட டிஃபால்ட்டை ஓஎஸ்பிஎஃப்ல கத்துக்கும். /32 இல்லேன்னா எஸ்எல்ஏ பிங்கு ஆர்2 வழியா சுத்திப் போய் ஜெயிச்சிடும். டிராக் அப், ஸ்டாடிக் திரும்ப ஏறும், பிங்கு செத்த லைனுக்கே போகும், தோத்துடும், திரும்ப டவுன். இப்படியே ஆடிக்கிட்டு இருக்கும். போர்ட்டே டவுன் ஆனா முதல் /32 காணாமப்போயிடும், அப்போ நல்0 ரூட் பிங்கை முழுங்கிடும்.

ஆர்2-ல மெட்ரிக் 100-ஐ நம்பாதீங்க. ஆர்2 தன்னோட ஸ்டாடிக்கை ஏடி (ரூட்டோட நம்பகத் தரவரிசை, குறைஞ்சதுதான் ஜெயிக்கும்) 1-ல வெச்சிருக்கு. அதனால ஆர்2 வழியா கடந்து போற எந்த பாக்கெட்டும், கோர் அதை ஆர்1-க்குன்னு நினைச்சு அனுப்பியிருந்தாலும், பிராட்பேண்டுக்குத் திரும்பிடும். ஏடியை 200 ஆக்குங்க:

ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 ஜி0/0 198.51.100.1 200

இப்போ ஆர்1 நல்லா இருக்கிறவரை ஆர்2 டேபிள்ல நிக்கிறது ஓஎஸ்பிஎஃப்ல வந்த 110 டிஃபால்ட். அதே பிராசஸ்ல கத்துக்கிட்ட டிஃபால்ட்டை வெச்சு 'ஒரிஜினேட்' வேலை செய்யாது, ஆர்2 வாயை மூடிக்கிட்டு இருக்கும். ஆர்1 வாபஸ் வாங்கினதும் 200 ஸ்டாடிக் மேல வரும், ஆர்2 சொல்ல ஆரம்பிக்கும். லைன் திரும்பினா அதே மாதிரி தானா இறங்கிடும். நேட் (உள் ஐபியை வெளி ஐபியா மாத்துறது) ரெண்டு ரூட்டர்லயும் தனித்தனின்னா மாறுற நேரத்துல ஓடிக்கிட்டிருக்கிற செஷன் எல்லாம் அறுந்துதான் போகும். அதை ரூட்டிங்கால சரி பண்ண முடியாது. அப் டிலே 60 வெச்சதும் அதுக்குத்தான்.

ஸ்லாஷ்_முப்பது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆர்1, ஆர்2 மாற்றம் புரிந்தது. என்எஸ்எஸ்ஏ பற்றி இரண்டு சந்தேகம். பிராஞ்ச் 300 கிமீ தள்ளி இருக்கிறது, நேரில் போக முடியாது. எந்த ரூட்டரில் முதலில் மாற்றுவது? இன்னொன்று, ஆர்3-இல் விபிஎன் பூல் (விபிஎன்-இல் வருபவர்களுக்குக் கொடுக்கும் ஐபிகள்) 10.99.0.0/16 'ரீடிஸ்ட்ரிப்யூட் ஸ்டாடிக் சப்நெட்ஸ்' மூலம் போகிறது. ஆர்5-க்கு அந்த ரூட் கட்டாயம் வேண்டும்.

மைக்ரோ_மாறன்:

நடுவில் ஒன்று. ஆர்6 இடத்தில் பிறகு மைக்ரோடிக் ரூட்டர் வைக்கும் யோசனை இருந்தால்: அதன் ரவுட்டர்ஓஎஸ் 7-இல் ஓஎஸ்பிஎஃப் இன்ஸ்டன்ஸில் 'ஒரிஜினேட்-டிஃபால்ட்' என்பதை 'நெவர்' என விடுங்கள். 'இஃப்-இன்ஸ்டால்டு' என்பது ஐஓஎஸ்-இன் சாதாரண ஒரிஜினேட் மாதிரி, 'ஆல்வேஸ்' என்பது அதே ஆல்வேஸ்தான். ஏரியா டைப்பை என்எஸ்எஸ்ஏ என்று கொடுக்க மறந்தால் நெய்பரே எழாது.

ஏரியா_காவலர்:

ஹலோ பாக்கெட்டில் ஏரியா வகையைச் சொல்லும் பிட்டுகள் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் மாற்றிய கணத்தில் அந்த அட்ஜசென்சி (பக்கத்து ரூட்டருடனான ஓஎஸ்பிஎஃப் உறவு) விழும். எனவே தொலைவில் இருப்பதிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள்: ஆர்6, ஆர்5, கடைசியாக ஆர்4.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நேரே ஆர்5-க்கு எஸ்எஸ்எச் போட்டால் பாதியில் செஷன் போய்விடும், ஆர்5-க்கு உங்கள் சப்நெட்டுக்குத் திரும்பும் வழி தெரியாது. ஆர்4-க்குள் நுழைந்து, அங்கிருந்து ஆர்5-இன் லிங்க் ஐபிக்கு, அங்கிருந்து ஆர்6-இன் லிங்க் ஐபிக்குப் போங்கள். அவை கனெக்டட் ரூட்டுகள், ஓஎஸ்பிஎஃப் விழுந்தாலும் நிற்கும். ஆர்5, ஆர்6 இரண்டிலும் முதலில் இருக்கும் கான்ஃபிகரேஷனைச் சேவ் செய்துவிட்டு 'ரீலோட் இன் 15' கொடுங்கள், பிறகு மாற்றுங்கள். எல்லாம் சரியாக எழுந்தபின் 'ரீலோட் கேன்சல்', அதற்குப் பிறகுதான் சேவ். கை தவறினால் 15 நிமிடத்தில் பழைய கான்ஃபிகரேஷனோடு தானே எழுந்துவிடும். ஏரியா 10 வழியாக விர்ச்சுவல் லிங்க் (ஏரியா 0-ஐ வேறு ஏரியா வழியாக நீட்டும் இணைப்பு) ஏதாவது இருந்தால் என்எஸ்எஸ்ஏ ஆக்கவே முடியாது, அதை முதலில் பாருங்கள்.

விபிஎன் பூல்: ஆம், அது டைப்-5, ஆர்4-இல் நின்றுவிடும். எளிய வழி, அதே 10.99.0.0/16-க்கு ஆர்4-இலும் ஒரு ஸ்டாடிக் எழுதி (நெக்ஸ்ட்-ஹாப் ஆர்3) அங்கே ரீடிஸ்ட்ரிப்யூட் செய்வது. ஆர்4 ஏபிஆர், ஏஎஸ்பிஆர் இரண்டுமாக ஆவதால் என்எஸ்எஸ்ஏ-க்குள் அது தானாக டைப்-7 ஆக இறங்கும். ரூட்-மேப் போட்டு அந்த ஒரு ப்ரிஃபிக்ஸை மட்டும் விடுங்கள். நாளைக்கு யாராவது ஆர்4-இல் எழுதும் வேறு ஸ்டாடிக்குகள் சேர்ந்து கசிய வேண்டாம். ஸ்டாடிக் டிஃபால்ட் இருந்தாலும் 'ரீடிஸ்ட்ரிப்யூட் ஸ்டாடிக்' அதை ஓஎஸ்பிஎஃப்-இல் எடுத்துச் செல்லாது, அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆர்3-இல் பூல் போனாலும் ஆர்4-இன் ஸ்டாடிக் நிற்கும், ஆகவே அதற்கும் ஒரு டிராக் வைப்பது நல்லது. பூல் ஆர்3-இன் ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸில் நேரடியாக இருக்குமானால் இந்தச் சுற்றே வேண்டாம். அந்த இன்டர்ஃபேஸை ஏரியா 0-இல் பேசிவ் ஆக (ஹலோ அனுப்பாமல்) சேர்த்தால் டைப்-3 ஆக எல்லா இடத்துக்கும் போய்விடும்.

முடித்தபின் ஆர்5-இல் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல் 0.0.0.0' வெறுமையாக வர வேண்டும். ஆர்6-இல் 'ஷோ ஐபி ரூட் 0.0.0.0' 'டைப் என்எஸ்எஸ்ஏ எக்ஸ்டர்ன் 2' என்று காட்ட வேண்டும். ஆர்3-இல் அந்த எக்ஸ்டர்னல் கமாண்டைக் கொடுத்து 'அட்வர்டைசிங் ரூட்டர்' வரியைப் படியுங்கள். அங்கே ஆர்1-இன் ஐடி மட்டும் இருக்க வேண்டும். ஆர்4-இன் ஐடி தெரிந்தால் 'என்எஸ்எஸ்ஏ-ஒன்லி' விட்டுப்போயிருக்கிறது. ஏஜ் 3600 என்று ஒரு என்ட்ரி தெரிந்தால் அது வாபஸ் ஆகிக்கொண்டிருப்பது, சில விநாடி கழித்துத் திரும்பப் பாருங்கள்.