ஹம்பியில் அம்மாவை எப்படிச் சுற்றிக் காட்டுவது?

ஜனவரியில் அம்மாவை ஹம்பிக்கு அழைத்துப் போகிறேன். வயது 68, முழங்கால் தேய்மானம். நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டம். பத்து நிமிடம் ஆனால் கை தானாகச் சுவரைத் தேடும்.

விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி கார் உண்டு, சுமார் ஒரு கிலோமீட்டர். சரி, அதற்கும் வரிசை இருக்குமே, வயதானவர்களை முன்னால் விடுவார்களா? உள்ளே கல்தேர் பக்கம் நிழலில் உட்கார இடம் கிடைக்குமா? மடக்கு ஸ்டூல் கொண்டுபோனால் தடுப்பார்களா? தாமரை மகால், யானைக் கொட்டில் பக்கம் புல்வெளி இருப்பதால் அவ்வளவு கவலையில்லை. ஹேமகூட மலையை விட்டுவிட்டோம் (அம்மாவுக்கு அதில்தான் ஆசை, என்ன செய்ய).

அப்புறம், ஹொசபேட்டையில் தங்கினால் நாள் வாடகைக்கு ஆட்டோ வசதியா, காரா? பெரியவர்களோடு போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.