பரங்கிமலையிலிருந்து முசூரி வரை: வரைபடக் கதை கட்டிய அனுபவம்

கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். 1802 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவைப் பணியை மாணவர்களுக்கு வரைபடக் கதையாகக் காட்ட விரும்பி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் இலவசமாக வழங்கும் ஸ்டோரிமேப் ஜேஎஸ் கருவியைப் பழகினேன். கருவி எளிது: ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஓர் இடத்தைத் தேடிக் குறித்து உரையும் படமும் சேர்த்தால், வாசகர் அம்புக்குறியை அழுத்தும்போது வரைபடம் அங்கே நகரும். ஒரே மாலையில் கைவந்துவிட்டது. கதை அமைய மூன்று வாரம் ஆயிற்று.

சிக்கல் அளவில் இருந்தது. லாம்டன் முதலில் அளந்த அடிக்கோடு (மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகத் தரையில் நேரடியாக அளக்கும் கோடு) ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான்; 100 அடி எஃகுச் சங்கிலியை, வெயிலில் நீளாதபடி நிழலில் காத்து, 400 முறை இட்டு 57 நாள்களில் அளந்தார்கள். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து, லாம்டனுக்குப் பின் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் நிறைவு செய்த பெருவில்லோ (தெற்கிலிருந்து வடக்கே முசூரி வரை நீளும் அளவைக் கோடு) ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். அடிக்கோட்டை 12ஆம் உருப்பெருக்க நிலையிலும், அடுத்த சட்டகத்தில் பெருவில்லை 5ஆம் நிலையிலும் வைத்திருந்தேன். ஒவ்வொரு நிலையும் முந்தையதன் இருமடங்கு என்பதால், ஒரே அழுத்தலில் வரைபடம் 128 மடங்கு சுருங்கியது. "பரங்கிமலை எங்கே போயிற்று, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். 1804இல் பெங்களூரு அருகே அளந்த அடிக்கோட்டை 8ஆம் நிலையில் இடையே சேர்த்த பிறகுதான் கண்ணுக்கு வழி கிடைத்தது.

தஞ்சைச் சட்டகத்தில்தான் மிகவும் உழைத்தேன். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் கோயில்களின் உச்சியையே அளவை நிலையங்களாகக் கொண்டார்கள். 1808இல் கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் விமானம் ஒரு சதுரம். உயரம் தெரியாவிட்டால் அந்த விபத்தே விளங்காது. ஆகவே அடிவாரத்தில் நின்று அண்ணாந்து எடுத்த ஒளிப்படத்தைச் சேர்த்து, உரையை நான்கு வாக்கியங்களாகக் குறைத்தேன். வரைபடத்தால் சொல்ல முடியாததை எங்கே படத்திடம் விடுவது என்பதே இக்கலையில் கடினமான முடிவு என்று கருதுகிறேன்.

*

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நான் இணைய வரைபடங்களை உருவாக்க உதவும் லீஃப்லெட் நிரலகத்தைக் கொண்டு சென்னை ஏரிகளைப் பற்றிய கதையைக் கட்டினேன். புள்ளிகள் எவையும் சென்னையில் தோன்றவில்லை. வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கித் தேடியபோது, அத்தனையும் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் கிடந்தன. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. இடங்களின் விவரத்தைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்போ தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது. சென்னையின் அட்சரேகை 13, தீர்க்கரேகை 80 என்ற வரிசையிலேயே கோப்பில் எழுதியிருந்தேன். இப்போது முதல் புள்ளியை மட்டும் இட்டு, அது சரியான கரையில் விழுகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றை ஏற்றுகிறேன்.

*

மிக்க நன்றி, அம்மா. கருவியின் தேடலை நம்பியே இடங்களைக் குறித்திருந்த நான், உங்கள் பதிவைப் படித்ததும் என் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். லாம்டன் 1823இல் இறந்த ஹிங்கன்காட், அதே பெயர் கொண்ட வேறொரு சிற்றூரில் குறிக்கப்பட்டிருந்தது. வார்தா மாவட்டத்துக்கு இன்று மாற்றிவிட்டேன்.