'பிரைட்': பெருமையா, பெருமிதமா, சுயமரியாதையா?

அண்ணா, வணக்கம். தன்பாலீர்ப்பாளரும் திருநரும் தலைநிமிர்ந்து நடக்கும் 'பிரைட் மார்ச்'சுக்குத் தமிழ்ச் சொல் தேடி நம் குழுவில் நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> பிரைட் மார்ச் – பெருமைப் பேரணி. எளிய சொல், யாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் நம் பேச்சில் பெருமை குடும்பத்தோடும் குலத்தோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'குடும்பப் பெருமையைக் கெடுக்க வந்தாயே' என்று வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளும் நடக்கும் பேரணி அது. அதற்கு அதே சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலச் சொல் வந்த வழியைப் பாருங்கள். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் போலீஸ் புகுந்தது. அன்று கூட்டம் கலைந்து ஓடவில்லை, எதிர்த்து நின்றது. அடுத்த ஆண்டு அதே நாளில் நினைவுப் பேரணி. அதன் ஏற்பாட்டாளர்களில் ஒருவரான கிரெய்க் ஷூன்மேக்கர்தான் 'பிரைட்' என்ற சொல்லை முன்வைத்தார். அப்போது எங்கும் 'பவர்' என்ற முழக்கம். நம்மில் பலருக்கு அதிகாரம் இல்லை, தன்னை மதிக்கும் மனம் யாருக்கும் வரலாம் என்பது அவர் வாதம். வெட்கம் நஞ்சு என்றால் அதற்கு மாற்று மருந்து இந்தச் சொல் என்று நினைத்தார். ஆக, நாம் தேடுவது சிறுமைக்கு எதிர்ச்சொல் இல்லை. கூனிக் குறுகுவதற்கு எதிர்ச்சொல்.

பெருமிதம் இதற்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அது ஒன்று. அது பிறக்கும் நான்கு இடங்களில் தறுகண், அதாவது அஞ்சாமை, உண்டு. அதே எட்டில் இளிவரலும், அதாவது இழிவுணர்வும், இருக்கிறது, அது பிறக்கும் இடங்களில் ஒன்று பிணி. தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை பிணியாகவே பட்டியலிட்டிருந்தது என்பதை இங்கே சேர்த்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உணர்வைக் குறிக்கப் பெருமிதம் இருக்கட்டும்.

பேரணிக்கு நாம் புதிதாகச் சொல் ஆக்கவே வேண்டாம். சென்னையில் 2009இல் தொடங்கிய பேரணிக்கு, நடப்பவர்களே 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

> சுயம், மரியாதை இரண்டும் வடசொல். தன்மதிப்புப் பேரணி எனலாமே?

தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு அண்ணா. ஆனால் தன்மதிப்பு என்றதும் யாருக்கும் எந்தப் போராட்டமும் நினைவுக்கு வராது. சுயமரியாதை, பெரியாரின் இயக்கம் வழியே 1925 முதல் இந்த மண்ணில் உழைத்த சொல். சட்டம் ஏற்காத காலத்திலேயே எத்தனையோ இணையர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு வாழ்ந்தார்கள். முதல்வர் அண்ணாதுரை ஆட்சியில் 1967இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. ஒருபால் இணையர் இன்று நிற்பதும் அதே இடத்தில்தான். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்கள் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. இந்த உறவு தன்மதிப்பு என்ற சொல்லில் கிடைக்காது.

சரி, என் பரிந்துரை:

பிரைட் (உணர்வு) – பெருமிதம்
பிரைட் மார்ச் – சுயமரியாதைப் பேரணி

ஜூன் மாதத்தைக் குறிக்கும் 'பிரைட் மன்த்'தான் பாக்கி. எனக்குச் சுயமரியாதை மாதம் பிடித்திருக்கிறது. பேரணியில் நடந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், முதலில் அவர்கள் சொல்லட்டும்.