சபைக்குப் போன அக்கா சங்கத் தலைவி பதவியை விட வேண்டுமா?

கொட்டகலைத் தம்பி:
இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஓர் அக்கா பதினொரு வருடமாக மாதர் சங்கத்தை நடத்துகிறார். கொழுந்து பறித்துவிட்டு வந்து மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கவனிப்பார். மலையுச்சி ஊற்றிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் குழாய் இழுத்ததும் அந்தச் சங்கம்தான். 2025 மே 6 தேர்தலில் சுயேச்சைக் குழுவில் நின்று இப்போது உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையில் உறுப்பினர். சங்கத் தலைவி பதவியை விடவில்லை. இரண்டிலும் இருக்கட்டும் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நோர்வூட் வாசி:
விட வேண்டும், தம்பி. அக்கா மேல் எனக்குக் குறையில்லை. எங்கள் பக்கம் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. தலைவர் தேர்தலில் நின்றதும் கட்டடத்தில் கட்சிக் கொடி ஏறியது. வேறு கட்சியின் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டும் வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் கரம் விளையாடக்கூட வரவில்லை. இரண்டு வருடத்தில் மன்றம் பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார கோயிலையும் மரண வீட்டையும் விட்டால் இப்படியான சங்கம்தான் இருக்கிறது.

கொட்டகலைத் தம்பி:
அக்கா கட்சியில் நிற்கவில்லையே, அண்ணே.

நோர்வூட் வாசி:
லயம் லயமாகப் போய் வாக்குக் கேட்டாரா இல்லையா? யார் போடவில்லை என்று அவருக்கு ஓரளவு தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அந்த வீடுகளுக்கும் தெரியும்.

ஹட்டன் பழைய மாணவி:
அவர் ஏன் சபைக்குப் போனார் என்பதையும் பாருங்கள். 1948இல் நம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். அது முழுதாகத் தீர 2003 சட்டம் வரை போனது. என் பாட்டி ஒருமுறைகூட வாக்குப் போடாமலே இறந்தார். குடியுரிமை கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் வராமல் தடுத்தது. நாம் வாக்குப் போட்ட சபை நம் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டவும் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறானதும் அந்தக் காலத்தில்தான். கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று சபை நம் வாசலுக்கு வந்தது.

இத்தனைக்கும் பிறகு, தலையில் கூடை மாட்டிய ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருந்தும், பட்டியலை நிரப்ப யாரோ ஒருவரின் மனைவி பெயரைப் போடுவதையே பார்த்து வந்தேன். அவருக்குப் பின்னால் இருக்கும் பலம் அந்தச் சங்கம். அதை ஏன் பிடுங்குகிறீர்கள்?

நோர்வூட் வாசி:
பிடுங்கச் சொல்லவில்லை, தங்கச்சி. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. அப்போது குழாய் உடைந்தால் யார் போனது? சங்கம். சபை வரும், கலையும். சங்கம் எவருடைய வெற்றி தோல்வியிலும் தொங்கக் கூடாது. இன்னொன்று, சபையிடம் பணம் கேட்பதும் சபையில் கை தூக்குவதும் ஒரே ஆளாக இருக்கலாமா?

கொட்டகலைத் தம்பி:
அண்ணே, இதை நான் யோசிக்கவில்லை. தண்ணீர்த் தாங்கி திருத்தப் பணம் கேட்டு போன மாதம் சபைக்குக் கடிதம் போனது. சங்கத்தின் பெயரில். கையெழுத்து அக்காவுடையது.

ஹட்டன் பழைய மாணவி:
சரி, அது தவறு. அந்தக் கடிதத்தில் செயலாளர் கையெழுத்துப் போடட்டும். வாக்கெடுப்பு வந்தால் அக்கா ஒதுங்கட்டும். தலைவி பதவியை விட வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது அவரை நம்பி.

நோர்வூட் வாசி:
அவரை மட்டும் நம்பி வந்தால், அதுதான் என் பயம்.

கொட்டகலைத் தம்பி:
ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நேராகவே கேட்கிறேன். கோபப்பட மாட்டார்.

நோர்வூட் வாசி:
போகும்போது அவருக்கு வாக்குப் போடாத வீட்டிலிருந்தும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி.