டர்பனிலிருந்து கரூ: ஜூலையில் மோட்டார்ஹோமில் சின்ன ஊர்கள், சில சந்தேகங்கள்

சக்கரவீடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசியில், பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்ததும், நானும் வீட்டுக்காரரும் டர்பனிலிருந்து வாடகை மோட்டார்ஹோமில் கிளம்புகிறோம். ஆறு மீட்டர் நீள டீசல் வண்டி, மொத்த எடை 3500 கிலோ. கடற்கரையும் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவும் வேண்டாம், தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நாடான கரூதான் என்று முடிவு. கிராஃப் ரைனெட், நியூ பெதெஸ்டாவின் ஆந்தை வீடு, பிரின்ஸ் ஆல்பர்ட், முடிந்தால் சதர்லாந்து தொலைநோக்கி. எந்த வழி நல்லது? ஸ்வார்ட்பெர்க் கணவாயில் இந்த வண்டி ஏறுமா? குளிரில் தண்ணீர், காஸ், கரண்ட் எப்படி? நாங்கள் சைவம், வழியில் என்ன கிடைக்கும்?

வழித்துணை:

அக்கா, மேப்பில் என்2 நெடுஞ்சாலையைப் பிடித்து கோக்ஸ்டாட், ம்தாத்தா வழியாகப் போவதுதான் நேர்வழி மாதிரி தெரியும். பெரிய வண்டிக்கு அது வேண்டாம். ஓயாத ஏற்ற இறக்கம், ரோட்டில் ஆடுமாடு, ஊருக்கு ஊர் நெரிசல். என்3இல் வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித், அங்கிருந்து என்5இல் பெத்லஹெம், செனெகல், வின்பர்க். பிறகு என்1இல் புளூம்ஃபொன்டெய்ன், கோல்ஸ்பர்க். கோல்ஸ்பர்க்கில் என்9க்குத் திரும்பினால் மிடில்பர்க் வழியாக கிராஃப் ரைனெட்.

டர்பன்–ஹாரிஸ்மித் சுமார் 310 கி.மீ., ஹாரிஸ்மித்–புளூம்ஃபொன்டெய்ன் 330, அங்கிருந்து கோல்ஸ்பர்க் 225, கடைசித் துண்டு 200. ஒவ்வொன்றையும் ஒரு நாளாக வையுங்கள். இரண்டை ஒன்றாக்க வேண்டாம். ஜூலையில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். கரூவில் இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் குடு மான். ஆண் மான் 200 கிலோவைத் தாண்டும், வெளிச்சம் பட்டால் விலகாமல் தாவும், மோதினால் நேரே முன்கண்ணாடிக்குத்தான் வரும். நான்கு மணிக்கு முகாமுக்குள் இருங்கள்.

என்5இல் லாரி அதிகம், குழியும் உண்டு. முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போனால் குழி கண்ணில் படாது. நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். என்9இல் மிடில்பர்க்குக்கும் கிராஃப் ரைனெட்டுக்கும் நடுவே லூட்ஸ்பெர்க் கணவாயில் பனி விழுந்தால் ரோட்டை அடைத்துவிடுவார்கள். மிடில்பர்க்கில் டீசல் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் விஷயம்: கார் ஓட்டும் பி வகை லைசென்ஸ் 3500 கிலோ வரைதான். வண்டி எடுக்கும் அன்று "இது இல்லை, இதைவிடப் பெரியது தருகிறோம்" என்றால் சந்தோஷப்படாதீர்கள். அதற்கு சி1 என்கிற அடுத்த வகை லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வண்டியின் லைசென்ஸ் டிஸ்க்கில் உள்ள எடையை நீங்களே படித்துப் பாருங்கள்.

மின்கம்பி:

கரண்ட், தண்ணீர், காஸ் மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

முகாம்களில் பெரும்பாலும் நீல நிற மூன்று முனை 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கும். சில பழைய நகராட்சி முகாம்களில் வீட்டுச் சுவரில் இருக்கிற பெரிய உருண்டை முனை பிளக்தான். மாற்று அடாப்டர் ஒன்று வண்டியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் திறந்து பாருங்கள். கேபிள் 2.5 சதுர மி.மீ. தடிமன், 25 மீட்டர் நீளம் இருந்தால் போதும். சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஹீட்டர் போட்டால் நடுவில் இருக்கும் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

16 ஆம்பியர் என்றால் 230 வோல்டில் சுமார் 3600 வாட். 2000 வாட் கெட்டிலும் 1500 வாட் ஹீட்டரும் சேர்ந்தாலே விளிம்பு. முகாமின் மின்கம்பத்து பிரேக்கர் 10 ஆம்பியராக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஹீட்டரை அணைத்துவிட்டு டீ போடுங்கள்.

பிளக் போட்டதும் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் முகாம்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வண்டிக்குள் எல்லா பிரேக்கரையும் கீழே தள்ளி, கம்பத்தை ஆன் செய்து, ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. பல தடவை அது கீசரின் சூடேற்றும் கம்பி, ஈரம் ஏறியிருக்கும். அதை மட்டும் விட்டுவிட்டு முகாமின் குளியலறையைப் பயன்படுத்தலாம்.

கிராஃப் ரைனெட்டில் இரவு சுழியத்துக்குக் கீழே போவது சாதாரணம், நியூ பெதெஸ்டா இன்னும் உயரம். முதலில் உறைவது வெளியே கிடக்கும் ஹோஸ் பைப். மாலையிலேயே டேங்கை நிரப்பி, ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்துச் சுருட்டி உள்ளே வையுங்கள். காலையில் குழாய் வரவில்லை என்றால் பம்ப்பை ஓடவிடாதீர்கள், கெட்டுவிடும். வெயில் ஏறும்வரை பொறுங்கள். ராத்திரியே ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டால் காலை டீக்குக் கவலையில்லை.

காஸ் சிலிண்டரில் பாதி மீதி இருக்கும்போதே அதிகாலையில் தீ மங்கினால் காஸ் தீர்ந்ததாக நினைக்க வேண்டாம். பியூட்டேன் சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதை நிறுத்திவிடும். கலவையில் அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மங்கும். சின்ன 3 கிலோ சிலிண்டரைவிட 9 கிலோ நல்லது, ஆவியாகும் பரப்பு அதிகம். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயவே கூடாது, அக்கா. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சமைக்கும்போது கூரைக் கதவு இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் சிலிண்டர் வால்வை அடைத்துவிடுங்கள், பிரிட்ஜ் காஸில் ஓடிக்கொண்டிருக்கும்.

கழிப்பறை கேசட்டின் (கழற்றி எடுக்கும் கழிவுப்பெட்டி) நீல மருந்துத் தண்ணீரைப் பண்ணை முகாமின் செப்டிக் டேங்கில் கொட்டினால் அதிலுள்ள பாக்டீரியா செத்துப்போகும். எங்கே கொட்டலாம் என்று கேட்டுவிட்டுக் கொட்டுங்கள்.

கரூக்காற்று:

ஸ்வார்ட்பெர்க் கணவாய்க்கு நேர் பதில்: உங்கள் வண்டியில் வேண்டாம். ரோடு பொறியாளர் தாமஸ் பெய்ன் கட்டி 1888இல் திறந்த பாதை, உச்சி 1583 மீட்டர், இன்றும் மண் ரோடுதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வந்தால் ஆறு மீட்டர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிவரும். அதோடு பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் மண் ரோட்டில் அடிப்பாகத்துக்கும் டயருக்கும் வரும் சேதம் உங்கள் தலையில்தான் விழும். ஆனால் அந்தக் கணவாயைப் பார்க்காமல் வரக் கூடாது. சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய தாங்குசுவர்கள் இன்றும் ரோட்டைத் தாங்குகின்றன. பிரின்ஸ் ஆல்பர்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர் வழிகாட்டியின் ஜீப்பில் ஏறிப் போங்கள்.

பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கே தார் ரோட்டில் போகலாம். கிராஃப் ரைனெட்டிலிருந்து என்9இல் வில்லோமோர், அப்புறம் ஆர்341இல் டி ரஸ்ட், அங்கே என்12இல் மெய்ரிங்ஸ்பூர்ட் பள்ளத்தாக்கு, கிளார்ஸ்ட்ரூமில் ஆர்407. மெய்ரிங்ஸ்பூர்ட்டில் ரோடு ஒரே ஆற்றை 25 தடவை கடக்கிறது. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் அந்த வழி, கணவாய்க்கு இளைத்ததல்ல. கனமழை என்றால் மட்டும் அடைத்துவிடுவார்கள்.

ஆந்தை வீட்டை அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். அங்கே வாழ்ந்த கலைஞர் ஹெலன் மார்ட்டின்ஸ் (1897–1976) சுவர், கூரை எல்லாவற்றிலும் பொடித்த கண்ணாடியை நிறம் பிரித்துப் பதித்திருக்கிறார். ஒரு சுவரருகே நின்று தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள், பச்சையும் சிவப்பும் ஒவ்வொரு துகளாக மின்னி அணையும். பின்கட்டில் சிமெண்ட் ஒட்டகங்களும் யாத்ரீகர்களும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். அவற்றில் பலவற்றைச் செய்ய உதவிய கூஸ் மால்கஸ் பெயரையும் நினைவில் வையுங்கள். ஊரில் தெருவிளக்கு இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. கிராஃப் ரைனெட்டில் டேங்கை நிரப்பி, கையில் ரொக்கத்தோடு போங்கள். அதே ஊரில் புதைபடிவ மையமும் இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.

கிராஃப் ரைனெட்டின் பாழ் பள்ளத்தாக்குக்கு மாலை நான்கு மணி வாக்கில் ஏறுங்கள். தார் ரோடு, ஆனால் செங்குத்து, குறுகல். இறங்கும்போது இரண்டாவது கியர். டோலரைட் பாறைத் தூண்கள் 120 மீட்டர் வரை நிற்கும். முகாமும் அதே கம்டெபூ தேசியப் பூங்காவில் பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஒரு இடத்துக்கு நான்கு மணி விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாட்டுக்கு: பட்ஸ்டல் என்கிற சாலையோரப் பண்ணைக்கடைகளில் உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது சீஸ்-தக்காளி டோஸ்ட், கரியில் சுட்ட ரூஸ்டர்கூக் ரொட்டி, ஜாம், உலர்பழம். காய்கறி சூப் என்றாலும் ஆட்டெலும்பில் கொதித்ததா என்று கேளுங்கள், கரூவில் அது வழக்கம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை எல்லாம் டர்பனிலேயே. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி, 100 கிராம் துவரம்பருப்பு போதும். புளூம்ஃபொன்டெய்ன் கிட்டத்தட்ட 1400 மீட்டர் உயரம், பருப்பு திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது. மூன்று லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், காஸும் மிச்சம். சனிக்கிழமை மதியத்துக்குள் காய் வாங்கிவிடுங்கள்.

சக்கரவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சதர்லாந்து பற்றி யாரும் சொல்லவில்லையே?

கரூக்காற்று:

இந்தத் தடவை விட்டுவிடுங்கள். மெய்ட்ஜிஸ்ஃபொன்டெய்னிலிருந்து ஆர்354இல் 110 கி.மீ. தார் ரோடுதான், ரோட்டில் குறையில்லை. ஆனால் நாட்டிலேயே கடுங்குளிர் ஊர்களில் ஒன்று, ஜூலையில் உங்கள் தண்ணீர் டேங்கே உறையலாம். பகல் சுற்றுலாவில் 91 கண்ணாடித் துண்டுகள் சேர்ந்த சால்ட் தொலைநோக்கியைப் பார்க்கலாம். இரவில் பொதுமக்களுக்குத் தனிச் சிறு தொலைநோக்கிகள். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். எப்படியும் போவதாக இருந்தால் ஊருக்குள் அறை எடுங்கள். ஜிபிஎஸ் செரஸ் பக்கம் ஆர்355ஐக் காட்டினால் ஏற்காதீர்கள். அது நீண்ட மண் ரோடு, கூர்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், பக்கச் சுவருக்கு ஒட்டுப் போட முடியாது.